ரோட்டைத் தோண்டாமல் ரோட்டுக்குக் கீழே ஒரு புதுக் குழாய்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு மேல் நடந்து போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு லேனை கோன் வைத்து மூடியிருப்பார்கள், மேன்ஹோல் திறந்திருக்கும், அதன் மேல் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று, பக்கத்தில் இரண்டு லாரி, ஜெனரேட்டர் சத்தம், கொஞ்சம் ஆவி, மூக்கில் ஏறுகிற ஒரு பிளாஸ்டிக் நெடி. கேபிள் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். அது கேபிள் வேலை இல்லை. கீழே ஓடுகிற பழைய கழிவுநீர்க் குழாய்க்குள்ளேயே இன்னொரு குழாயை உருவாக்குகிறோம். சில வருடங்களாக எனக்கு இதுதான் பிழைப்பு. ஊரிலிருந்து பேசுகிறவர்களிடம் "டிரெய்னேஜ் வேலை" என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நிறையச் சொல்லலாம், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், குழாய் ஏன் கெட்டுப்போகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். இங்கே தெருக்களுக்குக் கீழே இருப்பதில் பெரும்பகுதி சுட்ட களிமண் குழாய், அதாவது நம்மூரில் ஸ்டோன்வேர் பைப் என்று சொல்கிறோமே, அந்த வகை. அமிலம் அதை ஒன்றும் செய்யாது, நூறு வருடம் ஆனாலும் குழாயின் உடம்பு அப்படியே இருக்கும். பிரச்சினை ஜாயின்ட்டில். மண் கொஞ்சம் நகர்ந்தால், மேலே பஸ்ஸும் லாரியும் ஓடி ஓடி அழுத்தினால், ஜாயின்ட் லேசாக விலகும். அந்த விலகலில் முதலில் வருவது மர வேர். சாலையோர மரத்தின் வேருக்கு ஈரம் எங்கே இருக்கிறது என்று தெரியும், மயிரிழை அளவு சந்து கிடைத்தால் போதும், உள்ளே வந்து கொத்தாகப் பரவிவிடும். அந்தக் கொத்தில் எண்ணெயும் டிஷ்யூவும் சிக்கினால் அடைப்பு.

கான்கிரீட் குழாயின் கதை வேறு. கழிவுநீர் மெதுவாக ஓடும் இடத்தில் அடியில் வழவழவென்று ஒரு படலம் படியும். அங்கே காற்று போகாது. அதில் வாழும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும், அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த வாயு. அது மேலே எழும்பி, குழாயின் கூரையில் வியர்த்திருக்கும் ஈரத்தில் கரையும், அங்கே இருக்கும் வேறு வகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். 1945இல் மெல்போர்னில் சி.டி.பார்க்கர் என்ற ஆய்வாளர்தான் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அதுவரை இது வெறும் ரசாயன அரிப்பு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அமிலம் பட்ட சிமென்ட் ஜிப்சமாக மாறி, வெள்ளையாக, கையால் வழித்தால் வருகிற பசையாகிவிடும். தண்ணீர் ஓடும் அடிப்பாகம் நன்றாக இருக்கும், கூரைதான் கரைந்துகொண்டே போகும். மேலே ரோடு இருக்கும் பக்கம்தான் கூரை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதில் ரோட்டுக்கு என்ன ஆபத்து என்றால், விரிசலில் கழிவுநீர் வெளியே போவது மட்டும் இல்லை, நிலத்தடி நீர் உள்ளேயும் வருகிறது, வரும்போது கூடவே மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறது. தினமும் கொஞ்சம் மணல். அது குழாயோடு அடித்துக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியாது. குழாய்க்கு வெளியே ஒரு வெற்றிடம் உருவாகி, மெல்ல மெல்ல மேலே ஏறி, கடைசியில் தார் மட்டும் ஒரு மூடியாக நிற்கும். ரோடு லேசாகப் பள்ளமாகத் தெரியும்போது கீழே நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் ஜல்லி போட்டு மேலே தார் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

சிங்கப்பூருக்கு இன்னொரு கவலையும் உண்டு. இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. தேக்காவில் பெய்கிற மழை ரோச்சோர் கால்வாய் வழியாக மெரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அது குடிதண்ணீராகிறது. மழைநீருக்குத் தனி வடிகால், கழிவுநீருக்குத் தனிக் குழாய், இரண்டும் கலக்கக் கூடாது என்பதுதான் இங்கே அடிப்படை. கழிவுநீர்க் குழாய் கசிந்தால் அந்தப் பிரிவினையே அர்த்தமில்லாமல் போகும். கரையோரப் பகுதிகளில் இதற்கு நேர்மாறாக, விரிசல் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே வரும். கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்ற மறுபயன்பாட்டு நீராக ஆக்குகிற ஊரில் உப்பு கூடக் கூட, அதைப் பிரிக்கிற செலவும் கூடும். அதனால்தான் 1990களின் நடுவிலிருந்தே இங்கே பழைய குழாய்களை வரிசையாகப் புதுப்பித்து வருகிறார்கள்.

சரி, பழைய குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். தேக்காவின் சிராங்கூன் ரோட்டை நினைத்துப் பாருங்கள். அதற்குக் கீழே தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், உயர் அழுத்த மின் கேபிள், டெலிபோன், ஃபைபர், இவை எல்லாவற்றுக்கும் அடியில்தான் கழிவுநீர்க் குழாய். சரிவில் தானாக ஓட வேண்டும் என்பதால் அதுதான் எப்போதும் ஆழத்தில் இருக்கும். அதைத் தொட வேண்டுமானால் மேலே இருக்கும் அத்தனையையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பக்கச் சுவர்களுக்கு முட்டுக்கொடுத்து, பழைய கடைவீடுகளின் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்ட வேண்டும். கடைக்காரர்களுக்கு மாதக்கணக்கில் வியாபாரம் போகும். ஆழமாகத் தோண்டுவதில் உள்ள ஆபத்தும் சும்மா இல்லை. 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங் ரோட்டில் ஒரு கார் குழிக்குள் விழுந்ததே, அதற்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது கழிவுநீர்க் குழாய்களை இணைப்பதற்கு ஷாஃப்ட், அதாவது ஆழமான செங்குத்துக் குழி, இறக்கும் வேலைதான். காரிலிருந்த பெண்ணைக் கயிறு போட்டு மேலே இழுத்தவர்கள் அந்த சைட்டில் இருந்த தொழிலாளர்கள், முன்னால் நின்றவர் தமிழ்நாட்டுக்காரர். அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் டார்மிட்டரியில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை.

தோண்டாமல், ரெசின் என்ற இறுகும் பசையில் ஊறிய துணிப் பையை (இதைத்தான் லைனர் என்கிறோம்) பழைய குழாய்க்குள் விட்டு இறுக வைக்கிற வழியைக் கண்டுபிடித்தவர் எரிக் வுட் என்ற ஆங்கிலேய இன்ஜினியர். 1971இல் லண்டன் ஹாக்னியில், செங்கல்லால் கட்டிய முட்டை வடிவ சாக்கடை ஒன்றில் ஏறத்தாழ 70 மீட்டருக்கு முதன்முதலில் செய்து பார்த்தார்கள். பிறகு 20 வருடம் கழித்து அதிலிருந்து துண்டு வெட்டிச் சோதித்தபோதும் அது நன்றாகவே இருந்தது. அடிப்படையில் இன்றும் அதே முறைதான்.

வேலை கேமராவில் ஆரம்பிக்கிறது. சக்கரம் வைத்த சின்ன வண்டியில் கேமராவைக் கட்டி ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல் வரை ஓட்டுவோம், மேலே வேனுக்குள் திரை முன் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பதிவு செய்வார். குழாயின் வட்டத்தைக் கடிகார முகமாக வைத்துத்தான் நாங்கள் பேசுவோம். "பதினாலு மீட்டர் முப்பது, மூணு மணியில் கனெக்‌ஷன்", "இருபத்திரண்டு மீட்டர், பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை விரிசல்". கனெக்‌ஷன் என்றால் வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ வந்து சேருகிற கிளைக் குழாய். முதலில் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், பழகியபிறகு வேறு எப்படியும் சொல்ல வராது. அந்தத் திரையில் தெரிவதைப் பார்க்காமல் யாரும் பழைய குழாயைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குத் தோன்றும். ஜாயின்ட்டில் தெளிந்த தண்ணீர் பீய்ச்சுகிறது என்றால் அது நிலத்தடி நீர். அதன் கீழே சின்னதாக ஒரு மணல் மேடு இருந்தால் அதைத்தான் நாங்கள் கவலையோடு பார்ப்போம், ஏனென்றால் அந்த மணல் ரோட்டுக்கு அடியிலிருந்து வந்தது. சாப்பாட்டுக் கடைகள் அதிகமுள்ள தெருவில் குழாயின் இரண்டு பக்கமும் கொழுப்பு கெட்டியாக வெள்ளைத் திட்டாகப் படிந்திருக்கும், கொழுப்பைப் பிடித்து வைக்கிற கிரீஸ் டிராப்பை ஒழுங்காகக் காலி செய்யாத கடை எது என்று கனெக்‌ஷனைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்புறம் சுத்தம் செய்வது. உயர் அழுத்த ஜெட்டில் கழுவி, வேரை கட்டர் வைத்து வெட்டி, உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும் பழைய கனெக்‌ஷன் குழாய்களை ரோபோ வைத்துச் செதுக்கி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இதில் அரைகுறையாக விட்டால் அதன் மேல் லைனர் ஒட்டி, சுருக்கமோ மேடோ ஆகி, நிரந்தரமாக அங்கேயே இருந்துவிடும். மொத்த வேலையில் பாதிக்கு மேல் நேரம் போவது கேமராவிலும் கழுவுவதிலும்தான்.

லைனர் என்பது ஃபெல்ட் துணியால் தைத்த நீளமான பை, வெளிப்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. அதற்குள் ரெசினை ஊற்றி, காற்றை உறிஞ்சி எடுத்து, உருளைகளுக்கு நடுவே அழுத்தித் துணி முழுக்க ஊற வைப்பார்கள். ஊறிய நேரத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். சூடு பட்டால் இறுகிவிடும் என்பதால் லாரியில் ஐஸ் போட்டுத்தான் கொண்டு வருவோம். இந்த ஊர் வெப்பத்தில், எக்ஸ்பிரஸ்வேயில் விபத்து என்று லாரி ஒரு மணி நேரம் நின்றால் போதும், டிரைவருக்கு மாறி மாறி போன் போகும். லாரிக்குள்ளேயே இறுகிப்போனால் அந்த லைனரை வெட்டிக் குப்பைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இறக்குவதுதான் பார்க்க அழகு. பையின் ஒரு முனையை மேன்ஹோலில் வளையத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, தண்ணீரையோ காற்றையோ அழுத்தத்தோடு விடுவோம். சட்டைக் கையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி இழுத்துத் திருப்புவோம் இல்லையா, அப்படியே பை தன்னைத்தானே புரட்டிக்கொண்டு குழாய்க்குள் முன்னேறிப் போகும். ரெசின் ஊறிய பக்கம் பழைய குழாயின் சுவரில் ஒட்டும், பிளாஸ்டிக் பூச்சு உள்பக்கம் வந்துவிடும். பிறகு சுமார் 80 டிகிரி வரை சூடாக்கிய தண்ணீரை மணிக்கணக்கில் சுற்றவிட்டோ, நீராவி விட்டோ இறுக வைப்போம். கண்ணாடி இழை லைனராக இருந்தால் புற ஊதா விளக்குகளை வரிசையாகக் கோத்து உள்ளே மெதுவாக இழுப்போம், அது இன்னும் சீக்கிரம் முடியும். இறுகியபின் அது சில மில்லிமீட்டர் கனமுள்ள, ஜாயின்ட்டே இல்லாத ஒரு தனிக் குழாய். 50 வருடம் நிற்கும் என்ற கணக்கில் கனத்தை முடிவு செய்கிறார்கள். விட்டம் கொஞ்சம் குறையும்தான், ஆனால் உள்பக்கம் வழுவழுப்பு என்பதால் தண்ணீர் பெரும்பாலும் பழையதை விட நன்றாகவே ஓடும்.

இந்த நேரத்தில்தான் அக்கம்பக்கத்து வீடுகளில் நெடி வருகிறது என்று புகார் வரும். அது ரெசினிலுள்ள ஸ்டைரீன். கொஞ்சமாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குள் வருகிறது என்றால் பெரும்பாலும் பாத்ரூம் தரைத் துளைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நெடியைத் தடுக்கிற ஃப்ளோர் டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். பயன்படுத்தாத பாத்ரூமில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, எங்களிடம் சொல்லுங்கள். நெடியைத் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, சொன்னால் காற்றோட்டம் செய்து நெடியை வெளியேற்றுவது எங்கள் பொறுப்பு.

லைனர் இறுகியதும் இன்னொரு பிரச்சினை ஆரம்பிக்கும். வழியிலிருந்த எல்லா வீட்டு, கடை கனெக்‌ஷன்களையும் அது மூடியிருக்கும். ஒவ்வொன்றையும் உள்ளேயிருந்து ரோபோ கட்டர் வைத்துத் திறக்க வேண்டும். லைனர் அந்த இடத்தில் லேசாகக் குழிந்திருக்கும், முன்பு எழுதி வைத்த மீட்டரும் மணியும் அதோடு பொருந்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் மறுநாள் காலையில் அந்த வீட்டுக் கழிவறை பொங்கும். பயன்பாட்டில் இல்லாத பழைய கனெக்‌ஷனைத் திறந்தால் மறுபடி நிலத்தடி நீர் உள்ளே வர நாமே வழி விட்டதாகும். அதனால் எது உயிரோடு இருக்கிறது என்று முன்னாடியே வீடு வீடாகப் போய்ச் சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். பூக்கடை அக்கா ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்குக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "தம்பி, இப்ப தண்ணி விடலாமா?" என்று விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய கனெக்‌ஷன் திறந்ததும், உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து, திரையில் தன் கடைத் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் ஷட்டரை இறக்கினார். அவர் செய்ததுதான் சரியான சோதனை.

எல்லாக் குழாய்க்கும் இது மருந்து இல்லை. குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்குகிறது என்றால் லைனரும் அதே தொய்வில்தான் படுக்கும், சரிவைச் சரிசெய்யாது. முழுக்க இடிந்த இடத்தில் பையே போகாது, அந்த இடத்தைத் தோண்டித்தான் ஆக வேண்டும். ஊர் பெருகி, குழாயின் கொள்ளளவே போதவில்லை என்றால், பழைய குழாயை உள்ளிருந்து நொறுக்கித் தள்ளிவிட்டு அதே பாதையில் பெரிய பாலிஎதிலீன் குழாயை இழுத்துவிடும் முறை இருக்கிறது. ஜப்பானில் பெரிய குழாய்களுக்குப் பிளாஸ்டிக் பட்டையைச் சுருள் சுருளாகச் சுற்றி உள்சுவர் எழுப்பும் முறை உண்டு, கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம் என்பது அதன் பெரிய வசதி.

அதே ஜப்பானில்தான் 2025 ஜனவரி 28ஆம் தேதி சைதாமா மாநிலத்தின் யாஷியோ நகரில் ஒரு சந்திப்பில் ரோடு பிளந்து லாரி ஒன்று உள்ளே போனது. கீழே சுமார் 10 மீட்டர் ஆழத்தில் 4.75 மீட்டர் விட்டத்தில் கழிவுநீர்க் குழாய், 1983இல் போட்டது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அரித்திருந்தது. ஓட்டுநரை மீட்க வேண்டுமானால் குழாயில் தண்ணீர் குறைய வேண்டும், அதற்காகச் சுமார் 12 லட்சம் பேரிடம் குளிப்பதையும் துவைப்பதையும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியும் அவர் உடலை எடுக்க மே மாதம் ஆகிவிட்டது. குழாய்களைப் பரிசோதிப்பதில் உலகிலேயே கவனமான நாடுகளில் ஒன்றில், 42 வருடக் குழாயில் இது நடந்திருக்கிறது.

அதனால்தான் ஊருக்குப் போகும்போது சென்னை பாரிமுனையில் நடந்தால் என் கண் மேன்ஹோல் மூடிகளைச் சுற்றியே போகிறது. சென்னையின் கழிவுநீர் அமைப்பை 1910இல் வடிவமைத்தபோது, 1961இல் மக்கள்தொகை 6.6 லட்சம் இருக்கும், ஆளுக்கு நாளுக்கு 114 லிட்டர் என்று கணக்குப் போட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் பழைய மாநகராட்சி எல்லைக்குள்ளேயே 46 லட்சம் பேர். நடுவில் எத்தனையோ விரிவாக்கம் நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜார்ஜ் டவுன் மாதிரி நெரிசலான பழைய தெருக்களில் அடைப்பு எடுப்பதையே பராமரிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அடைப்பு எடுத்தால் அன்றைக்குத் தண்ணீர் ஓடும். விலகிய ஜாயின்ட் அப்படியே இருக்கும், வேர் மறுபடி வரும், மணல் போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கெட்டுப்போன குழாய்தான் திரும்பத் திரும்ப அடைக்கிறது, திரும்பத் திரும்ப அடைக்கிற இடத்தில்தான் ஆளை இறக்குகிறார்கள். இந்தியாவின் 2013 சட்டம் பாதுகாப்பு இல்லாமல் ஆள் இறங்கித் துப்புரவு செய்வதைத் தடை செய்திருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அப்படியும் சாவுச் செய்தி வருகிறது. சிங்கப்பூரில் மேன்ஹோலைத் திறந்ததும் நாங்கள் கேஸ் மீட்டரை இறக்கிப் பார்க்காமல் தலையைக்கூட நீட்ட மாட்டோம். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்துத்தான் ஆள் இறங்குவார், அதுவே கடைசி. லைனர் போட்ட குழாயில் வேர் நுழைய ஜாயின்ட் இல்லை, அடைப்பு அரிதாகிறது, ஆளை இறக்கச் சொல்ல காரணமும் குறைகிறது. எனக்கு இந்தத் தொழில் மேல் இருக்கிற மரியாதையில் பெரும்பங்கு இதனால்தான்.

இது நம் நாட்டில் நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. டெல்லியில் யமுனையைச் சுத்தப்படுத்தும் திட்டத்தின் கீழ் பெரிய டிரங்க் குழாய்களையே தோண்டாமல் புதுப்பித்திருக்கிறார்கள். செலவு அதிகம் என்பார்கள், லைனர் விலையை மட்டும் பார்த்தால் உண்மைதான். தோண்டினால் மறுபடி போட வேண்டிய ரோடு, திருப்பிவிட வேண்டிய பஸ், மூடிக் கிடக்கும் கடைகள், இவற்றையும் சேர்த்து நெரிசலான தெருவுக்குக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் நிலைமை மாறிவிடும்.

என் ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய தெருவில் புது ரோடு போட டெண்டர் விடுவதற்கு முன்னால் கீழே ஒரு முறை கேமரா ஓட்ட வேண்டும், அந்தப் பதிவை அந்தத் தெருக்காரர்கள் பார்க்கக் கொடுக்க வேண்டும். ரோடு போட்டு ஆறு மாதத்தில் அதே ரோட்டை வெட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் தெருவில் ரோடு வேலை வருகிறது என்று தெரிந்தால் கவுன்சிலரிடம் இதை மட்டும் கேளுங்கள்: கீழே இருக்கும் குழாய் எந்த வருடத்தியது, அதைக் கடைசியாக உள்ளே பார்த்தது எப்போது?